மிதமான காலநிலை என்று எழுதியவர்கள்

போன மாதம் மட்டக்களப்பு நகரில் ஒரு விடுதி மண்டபத்தில் பயிற்சிப் பட்டறை நடந்தது. ஆபிரிக்காவின் உயர்நில மாகாணம் ஒன்றுக்கு நெற்செய்கை ஆலோசகர்களாகப் போகவிருக்கும் இளம் உத்தியோகத்தர்களுக்கு, முன்பு அங்கே வேலை செய்தவள் என்ற முறையில் நான் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் முறை வருவதற்கு முன் ஒரு தம்பி அந்த மாகாணத்தைத் திரையில் அறிமுகம் செய்தார். புவியியல், உயர்நிலம். காலநிலை, மிதமானது. குடித்தொகை, பெரும்பாலும் விவசாயிகள். அவ்வளவுதான். அடுத்த படம் திட்டத்தின் இலச்சினை.

அந்த மூன்று வரிகளையும் எனக்குத் தெரியும். முதலில் எழுதியவரையும் தெரியும். அவருக்குக் கீழே இரண்டு வருடம் வேலை செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே போய் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதுவதைவிட ஏற்கனவே எழுதியிருப்பதை எடுத்து ஒட்டுவது சுலபம் அல்லவா?

கேள்வி நேரத்தில் அந்தத் தம்பியே எழும்பினார். "மிஸ், குளிர் கூடவா இரிக்கும்? ஜெக்கெட் ஒண்டு கொண்டு போனாக் காணுமா?"

"உனக்குக் காணும் மனே. நெல்லுக்கு ஆரு ஜெக்கெட் போடுற?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. ஆனால் ஏற்பாட்டாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். சாப்பாடு ஆறிப்போகுமாம். ஆகவே மேடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். படிப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் படிக்கலாம்.

நான் விவசாயப் போதனாசிரியராகச் சேர்ந்தது யுத்த காலத்தில். பயிற்சிக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பூச்சிகளின் லத்தீன் பெயர்களை மனனம் செய்வித்தார்கள். விளைச்சல் போன மனிதனோடு எப்படிப் பேசுவது என்று ஒரு பாடமும் வைக்கவில்லை. முதல் நியமனம் கரடியனாறு, பிறகு மண்டூர்ப் பக்கம். குருமண்வெளியில் நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறி, விதைநெல் மூட்டையோடு வாவியைக் கடப்பேன். சோதனைச் சாவடியில் மூட்டையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். கொட்டுவேன். பார்த்துவிட்டு அள்ளச் சொல்வார்கள். அள்ளுவேன். என் பயிற்சி அதுதான்.

ஒரு மாரியில் வாவி பெருகி, மண்டூர் வட்டை என்னும் வயல்வெளி முழுவதும் கதிர் தள்ளும் பயிர் தண்ணீருக்குள் நின்றது. பார்வையிடக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வீதியில் வாகனத்தை நிறுத்தினார், கண்ணாடியைப் பாதி இறக்கினார், கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். இந்த மக்கள் ஏன் கொஞ்சம் உயரமான இடத்தில் விதைக்கக்கூடாது என்று கேட்டார். என்னோடு நின்ற, வயல் காரியங்களைப் பார்க்கும் வட்டைவிதானை, ஐயா காட்டினால் விதைக்கிறோம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். பெரியவர் அதைக் குறித்துக்கொள்ளும்படி தன் உதவியாளரிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் மடகஸ்காருக்குப் போகும் வாய்ப்பு வந்தது. ஆசிய நாடுகளின் நெல் அனுபவத்தை ஆபிரிக்காவுக்குக் கொடுக்கும் சர்வதேசத் திட்டம். அதன் தலைவரை இங்கே கலாநிதி சற்குணம் என்று அழைக்கிறேன். அது அவருடைய பெயர் இல்லை. இலங்கையில் பிறந்து, இளம் வயதிலேயே வெளிநாடு போய், அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர். கொழும்பில் நேர்முகத் தேர்வு நடந்தது. "மட்டக்களப்போ? அப்ப உமக்கு நெல்லு தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். நான் தெரிவு செய்யப்பட்டேன்.

மகள் படித்து முடித்து வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் தனியாக இருப்பதற்கு மலையில் தனியாக இருக்கலாம் என்று கிளம்பினேன்.

நான் போய் இறங்கியது ஆடி மாதம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆடி குளிர்காலம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததை உடம்பு படித்திருக்கவில்லை. முதல் காலையில் வெளியே வந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. யாரோ சுண்ணாம்புத் தூள் தூவியிருக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்து தொட்டேன். விரல் விறைத்தது. உறைபனி. நெல் விளையும் ஊரில் உறைபனி. மிதமான காலநிலை என்று எழுதிய அறிக்கை என் கைப்பையில் இருந்தது.

மலைகள் மொட்டையாக, செங்கல் நிறத்தில் இருக்கும். மாரி மழை மலையின் விலாவைக் கிழித்துக் கிழித்துப் பெரிய பள்ளங்களை உண்டாக்கியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சதை தெரிவதுபோல இருக்கும். மலையில் ஒன்றும் இல்லை, எல்லாம் பள்ளத்தாக்கின் அடியில்தான். இரண்டு மலைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கும் ஒடுக்கத்தில், படிப்படியாக, பாய் அகலத்துக்கு ஒன்று, முற்றம் அகலத்துக்கு ஒன்று என்று வயல்கள். எங்கள் வட்டைகளைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மட்டமாகக் கிடப்பது அங்கே இல்லை. நாங்கள் சேற்றில் விதைநெல்லை வீசிவிட்டு வருகிறவர்கள். அவர்கள் நாற்று வளர்த்து, பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஒவ்வொன்றாக நடுகிறவர்கள். எங்கள் ஊரில் மாரி விதைப்பு நடக்கும் ஐப்பசியில்தான் அங்கேயும் நடவு. அந்த ஒரு ஒற்றுமையே எனக்கு ஊர் நினைவைத் தணிக்கப் போதுமாக இருந்தது.

ஆபிரிக்கா என்றதும் ஒரு முகத்தை எதிர்பார்த்துப் போனேன். அங்கே கண்டது வேறு முகங்கள். கிழக்கே கடல் தாண்டி, தீவுகளிலிருந்து பழங்காலத்தில் ஓடம் ஏறி வந்தவர்களின் வழியினர். மூன்று வேளையும் சோறு. அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, தேநீருக்குப் பதில் குடிப்பார்கள். என்னை அவர்கள் கரானா என்றார்கள். தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருக்கும் இந்திய வம்சத்தவர்களுக்கு அந்தப் பெயர். கரானாவுக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது. நான் எந்தக் கடையும் வைத்திருக்கவில்லை என்பதை அவர்கள் நம்பக் கொஞ்சக் காலம் எடுத்தது.

வீடுகள் மண் செங்கல்லால் ஒல்லியாக, இரண்டு தட்டாக உயர்ந்து நிற்கும். கல்லறைகள் அந்த வீடுகளைவிட உறுதியானவை. உயிரோடு இருப்பது கொஞ்சக் காலம், இறந்து கிடப்பது நெடுங்காலம், எதற்கு நல்ல கல் போடுவது என்று அவர்கள் கேட்பார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் கல்லறையைத் திறந்து, முன்னோரின் எலும்புகளை வெளியே எடுத்து, புதுப் பட்டில் சுற்றி, ஊருக்குச் சோறு போட்டு, மறுபடி உள்ளே வைப்பார்கள். நாள் பார்த்துச் சொல்ல எங்கள் சாத்திரியைப் போல அங்கேயும் ஒருவர் உண்டு. கலாநிதியின் அறிக்கையில் இதற்கு ஒரு வரி இருந்தது. மரணச் சடங்குகளின் வீண்செலவு வறுமைக்கு ஒரு காரணம் என்று. அவருடைய அலுவலகத்தில் வருடாந்த விருந்துக்கு ஆன செலவு எதற்குக் காரணம் என்று எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

கலாநிதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்படியான அதிகாரிகளைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

அவர் கோபப்படுவதே இல்லை. உரத்துப் பேச மாட்டார். எங்களை நீர், உமக்கு என்றுதான் அழைப்பார், அதில் ஒரு மெல்லிய கருணை இருக்கும். அவரிடம் ஒரு கெட்ட செய்தியைக் கொண்டு போனால் மேசையில் இருக்கும் தோடம்பழம் ஒன்றை எடுப்பார். தோலை உரிப்பார். பிறகு சுளைகளைப் பிரித்து, ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை நகத்தால் எடுப்பார். ஒன்றுகூட விடாமல். எடுத்து முடித்து, ஒரு சுளையை வாயில் போட்டு, மென்று விழுங்கியபின், "நல்ல பொயின்ற்" என்பார். அதற்குள் வந்தவருக்கு வாய் வற்றியிருக்கும். அந்தப் பொயின்ற் அந்த அறையைவிட்டு வெளியே போகாது.

வயல் சப்பாத்து ஒரு சோடி வாகனத்தின் பின்னால் இருக்கும். படம் எடுக்கும்போது போடுவார். எடுத்து முடிந்ததும் கழற்றி, சாரதி ஹெரியிடம் கொடுப்பார். ஹெரி கழுவுவார். கழுவுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்படியும் கழுவுவார், அது கட்டளை.

ஹெரி அந்த மாகாணத்துக்காரர். வாகனம் ஓட்டுவார், கலாநிதி ஆங்கிலத்தில் பேசுவதை ஊராருக்கு மொழிபெயர்ப்பார். எனக்கு அவர்களின் பேச்சைக் கற்றுத்தந்தவரும் அவர்தான். முதல் வருடக் கடைசியில் நான் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கியிருந்தேன். கலாநிதி அங்கே ஐந்தாறு வருடம் இருந்தார். வணக்கம் சொல்லத் தெரியும்.

முதல் போகம் நன்றாகவே நடந்தது. தாழ்வான பள்ளத்தாக்குகளில், ஓரளவு சூடு உள்ள இடங்களில், திட்டத்தின் புதிய நெல் விளைந்தது. அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. சிக்கல், விளைந்ததைப் பார்க்க வாகனத்தைவிட்டு இறங்கி நடக்க வேண்டியிருந்ததுதான். நிதி கொடுக்கும் நாடுகளின் பிரதிநிதிகள் அடுத்த மாசி மாதம் வருவதாக இருந்தார்கள். அவர்களை நடக்கவிட முடியாது. வீதியோரத்தில் ஒரு மாதிரி வயல் வேண்டும் என்றார் கலாநிதி.

வீதியோரத்து வயல் ரசுவாவின் குடும்பத்துக்குச் சொந்தம். ரசுவா என் வயதுக்காரி, கணவனை இழந்தவர். இரண்டு தம்பிமாரும் அவர்களின் பிள்ளைகளும் அவர் சொல்லைக் கேட்டு நடந்தார்கள். எங்கள் பக்கத்திலும் குடி, அதாவது குலம், பெண் வழியாகத்தான் வருகிறது என்று நான் சொன்னபோது, பிறகென்ன, எங்கே தவறு செய்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். அவர் பேசியதெல்லாம் என் மனதில் எங்கள் ஊர்த் தமிழில்தான் பதிந்திருக்கிறது. அப்படியேதான் எழுதுகிறேன்.

அந்த வயல் பள்ளத்தாக்கின் ஆக மேல் முனையில் இருந்தது. மலை ஊற்றின் தண்ணீர் நேரே அதற்குள்தான் விழும். கால் வைத்தால் எலும்புவரை குளிரும். அதில் அவர்கள் காலங்காலமாக ஒரு சிவப்பு நெல் போட்டு வந்தார்கள். பெரிய விளைச்சல் இல்லை, ஆனால் ஒருபோதும் கைவிட்டதில்லை.

இங்கே நெல்லைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். கதிர் வெளியே வருவதற்கு முன் தண்டுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தைக் குடலைப் பருவம் என்கிறோம். தண்டு கர்ப்பிணியின் வயிறு போலத் திரண்டிருக்கும். அந்தச் சில நாட்களில் இரவுக் குளிர் ஒரு அளவுக்குக் கீழே போனால் மகரந்தம் செத்துவிடும். பயிருக்கு வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. இலை பச்சை, தண்டு உறுதி, கதிரும் வரும். மணிக்குள் மட்டும் ஒன்றும் இருக்காது. பால் பிடித்த கதிர் பாரத்தால் தலை சாயும். பதராகிப்போன சப்பிக் கதிர் சாயாது. ஆகவே காலத்தோடு நட்டு, குளிர் இறங்குமுன் பூக்க வைக்க வேண்டும். குளிர் தாங்கும் இனமாகவும் இருக்க வேண்டும். இது இரகசியம் ஒன்றும் இல்லை. ரசுவாவுக்குத் தெரியும், ஹெரிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கலாநிதி இதே விடயத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். தெரியாமல் செய்தார் என்று மட்டும் யாரும் அவருக்காகப் பேசிவிடக் கூடாது.

புதிய விதை துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. ஐப்பசி போனது, கார்த்திகை போனது. பக்கத்து வயல்களெல்லாம் நட்டுப் பச்சை பிடித்துவிட்டன. ரசுவாவின் வயல் உழுதபடி வெறுமையாகக் கிடந்தது. விதை வரும்வரை ஒன்றும் நடவேண்டாம் என்பது திட்டத்தின் உத்தரவு.

மார்கழியில் விதை வந்து சேர்ந்ததும் நான் கலாநிதியிடம் போனேன். தோடம்பழம் உரிந்தது. நார் போனது.

"சேர், இப்ப நாத்துப் போட்டா நடவு தையிலதான். சித்திரையிலதான் பூக்கும். மேல் வயல், ஊத்துத் தண்ணி. சப்பியாப் போகும். அவங்கட சிவப்பு நெல்லையே போட விடுங்க."

"நல்ல பொயின்ற்" என்றார். சுளையை விழுங்கினார். "ஆனா மாசியில வாறவைக்குப் பச்சை வயல் காட்ட வேணும். மாசியில பச்சையா நிக்குமோ, நிக்காதோ?"

"நிக்கும் சேர்."

"அப்ப சரி."

இந்த 'அப்ப சரி' என்ற இரண்டு சொல்லை என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். இவ்வளவு நிம்மதியோடு ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

மாதிரி வயல் நடவை என் பொறுப்பில் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதையும் கோபப்படாமல் வாங்கி, அந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார். ரசுவாவிடமும் நேரே போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வரப்போகும் குளிர்காலத்தில் தன் தகப்பனின் எலும்புகளுக்குப் புதுப் பட்டுச் சுற்ற நாள் குறித்தாகிவிட்டது என்றார். ஊருக்குச் சோறு போட வேண்டும், சாதாரண விளைச்சல் காணாது. கலாநிதி தம்பிமாரைக் கூப்பிட்டு, இரு மடங்கு விளையும் என்றும் விளையாவிட்டால் திட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருந்தார். தம்பிமார் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

"நீ சொல்றது எனக்கு விளங்குது" என்றார் ரசுவா. "ஆனா இப்ப சிவப்பு நெல்லுக்கும் காலம் போயிற்று. வயலைச் சும்மா போட்டா அப்பாட்ட என்னத்தைச் சொல்ற?"

 அவர்களைக் காக்க வைத்தது நாங்கள். காலம் போனபின் தெரிவு செய்யச் சொல்வதும் நாங்கள்தான்.

தையில் நட்டார்கள். மாசியில் பிரதிநிதிகள் வந்தார்கள். வயல் உண்மையிலேயே அழகாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். நீளமான கறுப்பு வாகனங்கள் வரம்புக்குப் பக்கத்திலேயே நின்றன. கலாநிதி சப்பாத்துப் போட்டார். ரசுவாவின் கையைப் பிடித்துப் படம் எடுத்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இந்தப் பச்சை நிறத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். குடலை தட்டவே இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. திட்டத்தை இன்னும் இரண்டு மாகாணங்களுக்கு விரிவாக்குவதாக அந்த இடத்திலேயே அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ரசுவாவும் தட்டினார், மற்றவர்கள் தட்டியதால்.

பங்குனிக் கடைசியில் மலையிலிருந்து குளிர் இறங்கியது. சித்திரையில் கதிர் வந்தது. நான் தினமும் அலுவலகத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். கீழே மற்ற வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரசுவாவின் வயலில் கதிரெல்லாம் குச்சி போல நிமிர்ந்து நின்றன. ஒரு காலை ரசுவா வரம்பில் நின்று ஒரு கதிரை உருவிக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு மணியாக இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கினார். கதிரின் அடியிலிருந்து நுனிவரைக்கும் ஒன்றிலும் பால் வரவில்லை. என்னைக் கண்டார். இன்னொரு கதிரை உருவினார்.

அதை மாட்டுக்குத்தான் அறுத்தார்கள்.

பிறகு கலாநிதி ஊர்க் கூட்டம் வைத்தார். அதற்கு முன்பே அறிக்கை எழுதியாகிவிட்டது. விவசாயிகள் பிந்தி நட்டதும், தண்ணீரைச் சரியாக முகாமை செய்யாததும் காரணம் என்று. கூட்டம் அதை ஊராருக்கு அறிவிப்பதற்கு. பள்ளிக்கூட முற்றத்தில் எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு தரையில் இருந்தார்கள். ரசுவா முன்வரிசையில் இருந்தார். அவரின் இளைய தம்பி தள்ளி மதிலில் சாய்ந்து நின்றார்.

கலாநிதி ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த வருடம் காலத்தோடு நட்டால் நல்ல பலன் கிடைக்கும் என்று, ஒரு தகப்பனைப் போலச் சொன்னார். ஹெரி மொழிபெயர்க்க வாய் திறந்தார். மூடினார். எதிரே இருந்த ஆட்களில் பாதிப்பேர் அவருடைய சொந்தக்காரர்கள்.

நான் எழும்பி, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் சொன்னேன். இந்த விதை இந்த வயலுக்கு உரியது இல்லை. பிந்தியது விதை, அதைப் பிந்த வைத்தது நாங்கள். காத்திருக்கச் சொன்னதும் நாங்கள். குளிர் வரும் என்று எங்களுக்குத் தெரியும். இந்தக் குடும்பம் நன்றாக உழுதது, நன்றாக நட்டது, நன்றாகத் தண்ணீர் கட்டியது. அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

 கலாநிதிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தன் பேச்சைத்தான் நான் மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் புன்னகையோடு தலையாட்டினார். "அவர்களில் ஒரு பிழையும் இல்லை" என்றபோது இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டினார். அந்தக் கூட்டத்தின் படம் திட்டத்தின் வெளியீடு ஒன்றில் பிறகு வந்தது. அவரிடம் நான் கண்ட ஒரேயொரு நேர்மையான செயல் அந்தத் தலையாட்டல்தான்.

வாகனத்தில் திரும்பும்போது, நான் என்ன சொன்னேன் என்று ஹெரியிடம் கேட்டார். ஹெரி சொன்னார். கொஞ்சமும் குறைக்காமல் சொன்னார்.

"நீர் இதைச் சொல்ல உமக்கு அதிகாரம் இல்லை" என்றார் கலாநிதி என்னிடம். அப்போதும் குரல் உயரவில்லை.

"ஓம் சேர். அதிகாரம் இரிக்கிற ஆக்கள் சொல்லல்ல. அதான் சொன்னன்."

என் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. கடிதத்தில் என் சேவைக்கு நன்றி சொல்லி, திட்டத்தின் புதிய தேவைகளுக்கு வேறு திறமைகள் வேண்டியிருப்பதாக எழுதியிருந்தார்கள். உண்மைதான். பார்த்துக்கொண்டே பார்க்காதிருக்கும் திறமை என்னிடம் இருக்கவில்லை. கலாநிதி மூன்று மாகாணங்களுக்கும் பொறுப்பாகி, பிறகு வேறொரு கண்டத்துக்கே போனார். திட்டம் பார்த்துக்கொள்ளும் என்று ரசுவாவின் தம்பிமாருக்குச் சொன்னதைத் தான் சொல்லவே இல்லை என்றார். அடுத்த ஐப்பசியில் ரசுவாவின் வயலில் சிவப்பு நெல்லே போட்டார்கள், விளைந்தது என்று ஹெரி எனக்கு அறிவித்தார்.

நான் புறப்படுவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது ரசுவா அலுவலகத்துக்கு நடந்து வந்தார். குறித்த நாளில் தகப்பனை எடுக்கப் போகிறார்களாம். சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டேன். ஊரில் ஒவ்வொரு வீடும் நெல் தந்திருக்கிறது என்றார். கூட்டத்தில் நான் பேசியிராவிட்டால் தந்திருப்பார்களோ தெரியாது, சோம்பேறிக் குடும்பம் என்ற பெயரோடு தகப்பனின் முன்னால் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, "நீயும் வா" என்றார். இளைய தம்பிக்கு அதில் விருப்பமில்லை, திட்டத்து ஆட்கள் கல்லறைக்குக் கிட்ட வரக்கூடாது என்கிறான், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

போனேன். குளிர், ஆனால் நல்ல வெயில். குழலும் மேளமுமாக ஊரே மலையேறியது. சாவீட்டுக்குப் போவது போல் ஒருவரும் போகவில்லை, கலியாண வீட்டுக்குப் போவதுபோல் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம். நாங்கள் பிணத்தின் பக்கம் போனாலே வந்து முழுகுகிறவர்கள்.

ஏறும்போது ரசுவா என் பக்கத்தில் வந்தார். உன் புருசனை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எனக்கும் கணவர் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எப்படி இல்லாமல் போனார் என்று நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். யுத்த காலத்தில் ஒரு காலை சைக்கிளில் வேலைக்குப் போனார், வழியில் யாரோ மறித்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கண்டவர்கள் சொன்னார்கள், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எலும்பு இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள் என்று அரசாங்கக் கச்சேரியில் எத்தனையோ முறை சொன்னார்கள், நான் எடுக்கவில்லை. ரசுவா நின்றுவிட்டார். எலும்புகூடக் கல்லறைக்கு வந்து சேராமல் போவதுதான் அவர்களுடைய நாட்டில் ஒரு மனிதனுக்கு நடக்கக்கூடியதில் ஆகக் கொடியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கல்லைப் புரட்டி, பாயில் வைத்துத் தகப்பனை வெளியே கொண்டு வந்தார்கள். பழைய துணிக்குள் மிகச் சிறிய பொதி. பெண்கள் சுற்றி உட்கார்ந்து, மடியில் வைத்து, புதுப் பட்டைச் சுற்றினார்கள். பாயின் ஒரு முனையை என்னிடம் தரும்படி ரசுவா சொன்னார். இளைய தம்பி என்னைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த முனையையே என்னிடம் தந்தார்.

ரசுவா பொதியின் மேல் கை வைத்து, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோலத் தகப்பனோடு பேசத் தொடங்கினார். யார் யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த மாடு செத்தது என்று எல்லாம் சொன்னார். பிறகு சொன்னார்:

"அப்பா, இந்த வருசம் வயல் சப்பியாப் போயிற்று. உங்கட வயலை நாங்க கெடுக்கல்ல. இவ நெல்லு படிச்ச மனிசி, கடலுக்கு அங்கால இருந்து வந்தவ. ஊருக்கு முன்னால எழும்பிச் சொன்னவ, எங்களில பிழை இல்லையெண்டு. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்க."

எல்லோரும் ஓம் என்பதுபோல முனகினார்கள். ரசுவா என் பக்கம் திரும்பினார்.

"உன்ட மனிசன்ட பேர் என்ன?"

"எதுக்கு?"

"அப்பா அங்கதான இரிக்கார். தேடிப் பார்க்கட்டும்."

இல்லை என்று சொல்ல நினைத்தேன். பெயரைச் சொன்னால் அவரைச் செத்தவர்களோடு சேர்த்துவிடுவேன். அதற்காகத்தான் அத்தனை வருடம் சான்றிதழை எடுக்காமல் இருந்தேன். பாயின் முனை கையில் கனக்கவே இல்லை. சுற்றியிருந்த பெண்கள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள்.

"தவராசா" என்றேன்.

ரசுவா குனிந்து பொதியிடம் அந்தப் பெயரைச் சொன்னார். பிழையாகச் சொன்னார். நான் திருத்தினேன். இன்னொரு முறை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, சரியாகச் சொன்னார். பிறகு எல்லோரும் பாயைத் தூக்கினோம்.